வெட்டுவதற்கு முன் ஒரு வேண்டுகோள்: புதுவையின் ஒலிநாடாச் சேகரிப்பாளர்களுக்குத் திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

புதுவையிலும் கடலூரிலும் பரண்களில் கிடந்த ஸ்பூல்களும் (பெரிய சுருள் நாடாக்கள்) கேசட்டுகளும் இப்போது ஒவ்வொன்றாகக் கணினிக்குள் வந்துகொண்டிருக்கின்றன. பிரான்சில் வேலை பார்த்தவர்களும், பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஊர் திரும்பிய சொல்தாக்களும் அங்கே வானொலியில் ஒலிபரப்பான ஜாஸ் கச்சேரிகளைப் பதிவு செய்து கொண்டுவந்தவை அவற்றில் பல. காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய ரேடியோக்களுக்கு நடுவே விலைக்கு வருபவையும் உண்டு. தூசியையும் பூஞ்சணத்தையும் பொறுத்துக்கொண்டு, விடுமுறை நாள்களை இதற்கே கொடுத்து, யாரும் கேட்காமலே இந்த வேலையைச் செய்கிறீர்கள். நீங்கள் இல்லாவிட்டால் இவற்றில் பாதி பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

ஆனால் அண்மையில் உங்களிடமிருந்து எனக்கு வந்துசேர்ந்த பதிவுகளைக் கேட்கும்போது மனம் பதைக்கிறது. பெரும்பாலானவை பாட்டுப் பாட்டாக வெட்டப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு துண்டுக்கும் பாட்டின் பெயர் மட்டும் இருக்கிறது. வரிசை எண் இல்லாததால் கணினி அவற்றை அகர வரிசையில் அடுக்கிவிடுகிறது. கைதட்டல் தேவையில்லாத சத்தம் என்று நறுக்கப்பட்டிருக்கிறது. நாடா இருந்த அட்டைப்பெட்டியைக் கேட்டால், போட்டுவிட்டோம் என்கிறார்கள். பாட்டுகள் எல்லாம் பிழைத்துவிட்டன, கச்சேரி போய்விட்டது.

வரிசை கலைந்தால் என்ன, பிறகு அடுக்கிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். கர்நாடகக் கச்சேரியாக இருந்தால் அது ஓரளவு சரி. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்த பத்ததி நம் காதில் ஊறியிருக்கிறது. வர்ணத்தில் தொடங்கி, கனமான உருப்படியும் தனி ஆவர்த்தனமும் வந்து, துக்கடாக்களைக் கடந்து மங்களத்தில் முடியும். கலைந்த ஸ்பூலை எந்த ரசிகரிடம் கொடுத்தாலும் முக்கால்வாசி சரியாக அடுக்கிவிடுவார். ஜாஸில் அப்படி ஒரு பத்ததி கிடையாது. அடுத்து என்ன வாசிப்பது என்பதைக் குழுத் தலைவர் பல சமயம் மேடையிலேயே முடிவு செய்கிறார். அவையின் மனநிலை, முந்தைய உருப்படியில் ட்ரம்ஸ் வாசித்தவரின் வேகம், ட்ரம்பெட் ஊதியவரின் உதடு களைத்த அளவு எல்லாம் அதைத் தீர்மானிக்கின்றன. ஆகவே வரிசை தொலைந்தால் மரபை வைத்து மீட்க வழியில்லை. அந்த ஒலிக்குள்ளேயேதான் தோண்ட வேண்டும். அந்த ஒலியைத்தான் நீங்கள் நறுக்கி எறிகிறீர்கள்.

1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் அரங்கில் பில் எவன்ஸ் பியானோ, ஸ்காட் லஃபாரோ பாஸ், பால் மோஷன் ட்ரம்ஸ். பிற்பகலில் இரண்டு, இரவில் மூன்று என ஐந்து அமர்வுகள் வாசித்தார்கள். பதினோரு நாள் கழித்து லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார். அந்த ஒரு நாள் பதிவிலிருந்து இரண்டு எல்.பி. இசைத்தட்டுகள் வந்தன. இரண்டும் மகத்தானவை. முதல் தட்டைத் தொகுத்தபோது மறைந்த இளைஞனின் பாஸ் வாசிப்பை முன்னிறுத்தித் தேர்வு செய்தார்கள். அந்தத் தேர்வை நான் குறை சொல்லமாட்டேன், அது அஞ்சலி. ஆனால் 2005இல் அந்த நாள் முழுவதும் வாசித்த வரிசையிலேயே வெளியானபோதுதான் வேறு பல விஷயங்கள் தெரியவந்தன. முதல் உருப்படியான 'குளோரியாஸ் ஸ்டெப்' பாதியில் மின்தடையால் ஒலி அறுந்து மறுபடி வருகிறது. 'ஆல் ஆஃப் யூ' அன்று மூன்று முறை வாசிக்கப்பட்டிருக்கிறது. பிற்பகலில் வாசித்ததையும் நள்ளிரவை நெருங்கி வாசித்ததையும் அவற்றின் இடத்தில் வைத்துக் கேட்டால், ஒரே மெட்டின்மேல் மூவரின் மனோதர்மம் எப்படி நகர்ந்தது என்பது விளங்குகிறது. கடைசி அமர்வில், லஃபாரோ தானே இயற்றிய 'ஜேட் விஷன்ஸ்' அடுத்தடுத்து இரண்டு முறை வருகிறது. அகர வரிசையில் அடுக்கினால் மூன்று 'ஆல் ஆஃப் யூ'வும் ஒரே இடத்தில் குவிந்துகிடக்கும். நாள் என்ற ஒன்றே இருக்காது.

இசைத்தட்டு நிறுவனங்களே இதைவிட மோசமாகவும் செய்திருக்கின்றன. 1964 பிப்ரவரி 12 அன்று நியூயார்க்கின் பில்ஹார்மானிக் அரங்கில் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழு வாசித்தது, தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்யும் இயக்கத்துக்கு நிதி திரட்டும் கச்சேரி. மெதுவான உருப்படிகளைப் பொறுக்கி ஒரு தட்டாகவும், வேகமானவற்றைப் பொறுக்கி இன்னொரு தட்டாகவும் வெளியிட்டார்கள். வேகத்துக்குப் பின் வரும் நிதானமும், நிதானத்துக்குப் பின் பாயும் வேகமும் அந்தத் தட்டுகளில் காணாமல் போயின. அப்படியும் ஒரு தடயம் தப்பியிருக்கிறது. வேகமான தட்டில் 'கோ-கோ' என்ற சிறிய முடிப்பு இசை இரண்டு இடங்களில் கேட்கிறது: 'ஜோஷுவா'வின் வாலில் ஒன்று, 'தேர் இஸ் நோ கிரேட்டர் லவ்'வின் வாலில் ஒன்று. மைல்ஸ் ஓர் அமர்வை முடிக்கும்போதுதான் அப்படி ஊதுவார். ஆக, அன்று இரண்டு பகுதிகள் இருந்தன, அவை எவற்றோடு முடிந்தன என்பது வரை அந்தச் சில நொடிகள் சொல்லிவிடுகின்றன. பாட்டு முடிந்துவிட்டது, மிச்சம் எதற்கு என்று யாராவது வாலை நறுக்கியிருந்தால் அதுவும் போயிருக்கும்.

ஒரு ஸ்பூல் பேசும் விதம் அதை வெட்டாமல் கேட்டவருக்குத்தான் தெரியும். 1,200 அடி நாடா, நொடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் ஓடினால் 32 நிமிடம் வரும். 90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம். எந்த உருப்படி நடுவில் அறுந்து நிற்கிறதோ அதுதான் அந்தப் பக்கத்தின் கடைசி. அதன் மிச்சமோ, அடுத்த உருப்படியோ மறுபக்கத்தின் தொடக்கத்தில் இருக்கும். பேட்டரியில் ஓடிய சிறு கருவியில் பதிந்ததென்றால் இன்னும் எளிது. பேட்டரி இறங்க இறங்கப் பதியும்போது நாடா மெதுவாக ஓடும். அதைச் சரியான வேகத்தில் போட்டுக் கேட்டால் சுருதி கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போகும். பியானோவின் சுருதியை அளந்து, குறைந்ததிலிருந்து கூடியதுவரை துண்டுகளை அடுக்கினால் அந்தப் பேட்டரி தீர்ந்த வரிசை கிடைத்துவிடும். மின்சாரத்தில் ஓடிய கருவியின் ரீங்காரமும் சாட்சி சொல்லும். மின்சாரம் நமக்கும் பிரான்சுக்கும் நொடிக்கு 50 சுற்று, அமெரிக்காவுக்கு 60; ரீங்காரமும் அதற்கேற்ப மாறும். இரண்டும் ஒரே நாடாவில் கேட்டால் அது அமெரிக்கப் பதிவிலிருந்து இங்கோ பாரிசிலோ படியெடுத்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

எனக்கு மிகவும் பிடித்த தடயம் வேறொன்று. பல ஆண்டுகள் சுருண்டே கிடந்த நாடாவில் ஒரு சுற்றின் ஒலி அடுத்த சுற்றின்மேல் மிக மெல்லியதாக ஒற்றிக்கொள்ளும். உரத்துத் தொடங்கும் உருப்படிக்கு ஓரிரு நொடி முன்பே, அமைதியான இடத்தில், அதன் நிழல் கேட்கும். கைதட்டல் ஓய்ந்து நிலவும் அந்த மௌனத்தை வெட்டாமல் வைத்திருந்தால், நாடாவில் அடுத்து எது இருந்தது என்பதை அந்த நிழலே காட்டிக்கொடுத்துவிடும். வெற்றிடம் என்று நினைத்து நீங்கள் அழிப்பது இதைத்தான்.

பியானோவில் ஏதாவது ஒரு விசை சுருதி விலகினால் அந்த அமர்வு முடியும்வரை விலகியேதான் இருக்கும், நடுவில் யாரும் வந்து சரிசெய்வதில்லை. ஆகவே பிசகு இல்லாத துண்டுகள் முன், பிசகு உள்ளவை பின். இடைவேளைக்குப் பின் மைக்கின் இடம் மாறியிருந்தால் ட்ரம்ஸின் தூரம் மாறிக் கேட்கும். தலைவர் பேசும் ஒரு வாக்கியம், இப்போது வாசித்தது இது, அடுத்து வருவது இது என்று இரண்டு உருப்படிகளை ஒரே முடிச்சில் கட்டிவிடும்.

கைதட்டலை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. 1956 ஜூலை 7 அன்று அமெரிக்காவின் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் டியூக் எலிங்டன் குழுவில் பால் கான்சல்வெஸ் ஒரே உருப்படியில் இடைவிடாமல் 27 சுற்றுகள் சாக்ஸபோன் வாசித்து அவையை எழுந்து ஆடவைத்தார். அந்த ஆண்டு வெளியான தட்டில் பெரும்பகுதி பிறகு ஸ்டூடியோவில் மறுபடி வாசித்து, கைதட்டலை மேலே ஒட்டிச் செய்தது. கான்சல்வெஸோ தவறான மைக்கின் முன் நின்று வாசித்துவிட்டார். அது வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் மைக். அந்த வானொலியின் நாடா 1996இல் கண்டெடுக்கப்பட்டு, இசைத்தட்டு நிறுவனத்தின் நாடாவோடு அதை இணைத்து 1999இல்தான் அந்த இரவு உண்மையாக வெளிவந்தது. ஏதோ ஒரு கிடங்கில் யாரோ ஒருவர் நாடாவை முழுதாக விட்டுவைத்ததால் கிடைத்த நீதி அது.

இரைச்சல் நீக்கும் மென்பொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1960 மார்ச்சில் பாரிசின் ஒலிம்பியா அரங்கில் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் வாசித்தபோது அவையில் சிலர் சீழ்க்கையடித்து எதிர்ப்புக் காட்டினார்கள். பதிவில் அது கேட்கிறது. புதுமையை ஓர் அவை எப்படி எதிர்கொண்டது என்பதற்கு அதைவிட வலுவான ஆவணம் ஏது? தூய்மைப்படுத்திய படி ஒன்று வேண்டுமென்றால் தனியாகச் செய்துகொள்ளுங்கள். மூலப் படியில் கைவைக்க வேண்டாம்.

பாட்டுப் பாட்டாகக் கேட்பதுதான் இன்றைய வழக்கம், முழுக் கச்சேரியை யார் உட்கார்ந்து கேட்பார்கள் என்று உங்களில் ஒருவர் என்னிடம் வருத்தத்தோடு கேட்டார். அவர் சொல்வது நியாயம்தான். கேட்பவருக்கு வெட்டிக் கொடுங்கள். ஆனால் அதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே கோப்பாக, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் அளவில், சுருக்கப்படாத வேவ் கோப்பாக வைத்துவிடுங்கள். நம் கடற்கரை ஈரத்தில் 1970களின் நாடாக்கள் சில பசைவிட்டுப் பிசுபிசுத்துப் போயிருக்கின்றன. அவற்றை இன்னொரு முறை ஓட்ட முடியும் என்று யாரும் உறுதி தர முடியாது. உங்கள் முதல் படியே கடைசிப் படியாகிவிடலாம்.

பெட்டிகளை எறியாதீர்கள். 2011 டிசம்பரில் தானே புயல் புதுவைக்கும் கடலூருக்கும் நடுவே கரை கடந்தபோது எத்தனையோ வீடுகளில் நனைந்த பெட்டிகளை வெயிலில் காயவைத்து, கைக்கு வந்த நாடாவைக் கைக்கு வந்த பெட்டியில் போட்டு மூடினார்கள். அதனால் பெட்டியில் எழுதியிருப்பது உள்ளே இருப்பதற்குப் பொருந்தாமல் போகலாம். பொருந்தாத பெட்டியும் வேண்டும், அது வேறொரு நாடாவின் பெட்டி. மை கரைந்த அட்டையையும், உள்ளே மடித்துவைத்த வானொலி நிகழ்ச்சி நிரல் துணுக்கையும், ஒட்டுப்போட்ட இடங்களையும் படம் எடுத்து அந்தக் கோப்போடு சேர்த்துவையுங்கள். நீங்களாக ஊகித்த வரிசையை ஊகம் என்றே குறித்து, எதைக் கேட்டு அப்படி ஊகித்தீர்கள் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். பின்னால் வருபவர் அதைத் திருத்த முடிய வேண்டும்.

சேகரிப்பைப் பிள்ளைகளுக்கோ நண்பர்களுக்கோ பிரித்துக் கொடுக்கும்போது ஒரு கச்சேரியின் ஸ்பூல்களை ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்காதீர்கள். முத்தியால்பேட்டையில் ஒன்றும் பாரிசில் ஒன்றுமாகக் கிடந்தால் மேலே சொன்ன எந்தத் தடயமும் உதவாது. அப்படிப் பிரிந்துபோனவை உங்களில் யாரிடமாவது இருந்தால் முதலில் அவற்றின் பட்டியலை ஒருவருக்கொருவர் கொடுத்துப் பாருங்கள். அறுந்து நிற்கும் உருப்படி எது, அது எந்த இடத்தில் அறுந்தது என்று மட்டும் குறித்தால் போதும், மீதிப் பாதி யார் வீட்டில் இருக்கிறது என்று தேடத் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் பதிவுகளைக் கேட்டு வரும் புதுவை ரசிகன்