சுருண்டது நரம்பன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலைச் சந்தையில் நாள் முழுவதும் நின்றபடி மரக்கறி விற்கும் என் அக்காவின் இடது கெண்டைக்காலில் நீலமாய் முறுக்கிக் கிடந்தவற்றை, நரம்பு சுருண்டுவிட்டதென்று எண்ணெய் பூசியே பல வருடங்களைக் கழித்தோம். சுருண்டது நரம்பன்று, நாளம். இரத்தத்தை இதயத்தை நோக்கி மேலேற்றும் நாளங்களுக்குள் உள்ள சிறு வால்வுகள் தளர்ந்தால், ஏறிய இரத்தம் கீழே திரும்பித் தேங்கி, நாளம் புடைத்து, மாலையில் கணுக்கால் வீங்கும். உட்புறக் கணுக்காலருகே தோல் கறுத்த பின்னரே நாங்கள் வைத்தியரிடம் போனோம். புண் வருமுன் தெரியும் அடையாளம் அதுவென்றார்.

நடக்கும்போது கெண்டைத்தசை இறுகி இரத்தத்தை மேலே தள்ளுவதால் நடை நல்லது. அசையாமல் நிற்பதுதான் கேடு. ஆனால் காலை இறுக்கி இரத்தம் மேலேற உதவும் அழுத்தக் காலுறையைப் பாமசியில் வாங்கித் தாமாகவே அணிவது சரியன்று. இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுவரும் நாடிகளில் அடைப்புள்ளவருக்கு (சலரோகமோ, அதாவது நீரிழிவோ, புகைப்பழக்கமோ உள்ளவர்களிடம் இவ்வடைப்பு அதிகம்) அக்காலுறை பாதத்துக்குப் போகும் இரத்தத்தையே குறைத்துவிடும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். அதைத் தேய்க்காமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

சலரோகச் சிகிச்சைக்கு மாதந்தோறும் வருவோரின் கால்களையும் சேலையையோ சாரத்தையோ சற்று உயர்த்தச் சொல்லிப் பார்ப்பதற்குச் சுகாதாரத் துறையினர் ஒழுங்கு செய்வார்களா?

வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.