ஓடாத வெளிச்சம்

அன்புள்ள குமாருக்கு,

இங்கே எல்லோரும் நலம். முழங்கால் வலிக்குக் கொடுத்த மாத்திரையை நீயாகவே நிறுத்திவிட்டாயாமே? உன் வீட்டில் போனில் சொன்னார்கள்.

போன வாரம் ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தேன். தேரடியில் நாற்பது அடி உயரத்துக்கு சீரியல் பல்பில் அம்மன். நாம் வாயைப் பிளந்து பார்த்த அதே சங்கதிதான். அப்போது குண்டு பல்பு, இப்போது எல்இடி. சூலத்தைச் சுற்றி வெளிச்சம் சரசரவென்று ஓடியது. கிட்டப் போய்ப் பார்த்தால் எதுவும் ஓடவில்லை. ஒன்று அணைகிறது, பக்கத்தில் இருப்பது எரிகிறது, அவ்வளவுதான்.

மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலாளர் இந்த ஓட்டத்தைத்தான் பிடித்துக்கொண்டார். 1910-ல் விடுமுறைக்கு ரயிலில் போனவர், யோசனை தட்டியதும் பிராங்க்பர்ட்டில் இறங்கி, படத்தை ஓடவைத்துக் காட்டும் விளையாட்டுப் பொருள் ஒன்றை வாங்கிச் சோதித்தாராம். (நானாக இருந்தால் ஊருக்கே போயிருப்பேன்.) இரண்டு கோடுகளை மாற்றி மாற்றிக் காட்டினார். இடைவெளி 200 மில்லிநொடி என்றால் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும். 30 என்றால் இரண்டும் சேர்ந்தே தெரியும். 60 வாக்கில் ஒரே கோடு இங்கிருந்து அங்கே நகரும். 1912-ல் இதை வெளியிட்டார். துண்டு துண்டாக அல்ல, முழு உருவமாகத்தான் பார்க்கிறோம் என்று சொல்லும் கெஸ்டால்ட் உளவியல் கிளம்பியது அங்கேதான். 1923-ல் வெறும் புள்ளிகளை வைத்தே எழுதினார்: கிட்டக்கிட்ட இருப்பவை ஒரு கூட்டமாகத் தெரியும், ஒரே மாதிரி இருப்பவையும் அப்படியே.

லைட் போட்டவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "அங்கங்க நாலு பல்பு போனா யாருக்கும் தெரியாது சார். கோட்டுல ஒண்ணு கலர் மாறிட்டா ஊரே வந்து கேக்கும்" என்றார். சந்தேகப்பட்டு எண்ணிப் பார்த்தேன். அம்மனின் இடது கையில் மட்டும் பதினொரு பல்பு செத்துக் கிடந்தது. இரண்டு மணி நேரம் எதிரில் உட்கார்ந்திருந்தவன் நான்! கை முழுசாகத்தான் தெரிந்தது.

கண் புள்ளி புள்ளியாக வாங்கிக் கொடுக்கும், மனசு நிதானமாகக் கோத்துக்கொள்ளும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். வெர்தைமருக்கு அதில்தான் சண்டை. முழு உருவம்தான் முதலில் வருகிறது என்கிறார். செத்த பல்புகளை எண்ணி முடித்துப் பத்தடி பின்னால் வந்தேன். கை மறுபடி முழுசாகிவிட்டது. கண்ணை இடுக்கிப் பார்த்தேன், தலையைச் சாய்த்துப் பார்த்தேன், ம்ஹூம். பக்கத்தில் நின்ற அம்மா ஒருத்தி எனக்கு அருள் வரப்போகிறது என்று நினைத்து நகர்ந்து போனாள்.

அடுத்த வருஷம் நீயும் வா, சேர்ந்து எண்ணலாம். அதுவரை மாத்திரையை ஒழுங்காகப் போடு.

உன்,
ராஜு