மினி டிராக்டரை எச்.பி. எண்ணால் மட்டும் ஒப்பிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மினி டிராக்டர்களை ஒப்பிட்டு வேளாண் பக்கங்களிலும் கண்காட்சி மலர்களிலும் வெளியாகும் அட்டவணைகளில் எஞ்சினின் குதிரைத்திறன் (எச்.பி.), சிலிண்டர் எண்ணிக்கை, கியர் எண்ணிக்கை, தூக்கும் எடை, விலை ஆகியவை தவறாமல் இடம்பெறுகின்றன. ஆனால் மண்ணைக் கிளறும் ரொட்டேவேட்டர் போன்ற கருவிகளைப் பின்புறத்தில் சுழற்றும் பி.டி.ஓ. தண்டுக்கு அந்தக் குதிரைத்திறனில் எவ்வளவு வந்து சேர்கிறது என்பதும், எஞ்சினின் விசை சக்கரத்துக்கு எந்த வழியாகப் போகிறது என்பதும் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றன. வாங்கிய பிறகு பத்து ஆண்டுகளுக்கு மேல் அந்த வண்டியோடு வேலை செய்யப்போகும் விவசாயிக்கு இந்த இரண்டும்தான் முதலில் தெரிய வேண்டியவை என்று நான் உறுதியாகக் கருதுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர்தான். இந்த அளவு நிலத்தில், அதிலும் வாழை, தென்னை, அகலப் பார் கரும்பு, காய்கறி என்று வரிசை பிடித்து நட்ட தோட்டங்களில், 45 எச்.பி. டிராக்டர் திரும்பவே இடம் போதாது. சுமார் மூன்றரை அடி அகலமுள்ள, 15 முதல் 30 எச்.பி. வரையிலான சிறிய வண்டிகள் பயிர் வரிசைக்குள் நுழைந்து களையெடுத்து வெளியே வருகின்றன. ஆகவே இந்த வண்டிகளைச் சரியாக ஒப்பிடுவது தமிழ்நாட்டுச் சிறு விவசாயியின் பணத்தோடு நேரடியாகத் தொடர்புடைய விஷயம்.

எஞ்சினை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மஹிந்திரா ஜீவோ 245 டி.ஐ., குபோட்டா நியோஸ்டார் பி2441 ஆகிய இரண்டுமே 24 எச்.பி. வண்டிகள் என்றே விற்கப்படுகின்றன. முதலாவதில் 1,366 சி.சி. கொள்ளளவில் இரண்டு சிலிண்டர்கள் உள்ளன. அது தன் முழுத் திறனை நிமிடத்துக்கு 2,300 சுற்றில் தருகிறது. இரண்டாவதில் 1,123 சி.சி. கொள்ளளவில் மூன்று சிலிண்டர்கள் உள்ளன. அது 2,600 சுற்றில் தருகிறது. குதிரைத்திறன் என்பது முறுக்குவிசையையும் (தண்டைச் சுழற்றும் வலிமை) சுற்று வேகத்தையும் பெருக்கி வருவது. ஆகவே ஒரே 24 எச்.பி.யைக் குறைந்த சுற்றில் தரும் எஞ்சின், அந்த நிலையில் சுமார் 13 சதவீதம் கூடுதல் முறுக்குவிசையைத் தருகிறது என்பது எளிய கணக்கு. கலப்பை கடினமான மண்ணில் சிக்கும்போது எஞ்சின் மூச்சுத் திணறாமல் இழுப்பதற்கு இது துணை செய்யும். மூன்று சிலிண்டர் எஞ்சினோ அதிர்வு குறைவாக, சீராக ஓடும். நாள் முழுவதும் இருக்கையில் அமர்ந்திருப்பவரின் முதுகுக்கு அந்த வேறுபாடு தெரியும். உழவும் இழுவையும் அதிகமுள்ளவருக்கு ஒன்று, தோட்டத்துக்குள் மென்மையாக நாளெல்லாம் ஓட்ட வேண்டியவருக்கு மற்றொன்று பொருத்தமாகலாம். அட்டவணையில் இரண்டுக்கும் நேரே 24 என்று மட்டும் போட்டுவிட்டால் இந்த வேறுபாடு மறைந்துபோகிறது.

டீசல் எரியும் முறையிலும் கவனிக்க வேண்டியது உண்டு. சிலிண்டருக்குள் நேராக டீசலைப் பீய்ச்சும் எஞ்சின்களைத்தான் டி.ஐ. என்கிறார்கள், எரிபொருள் சிக்கனமும், குளிரில் எளிதாக ஸ்டார்ட் ஆவதும் இவற்றின் பலம். தனியே ஒரு சிறு அறையில் சுழலச் செய்து எரிக்கும் முறையைக் குபோட்டா தன் சிறு எஞ்சின்கள் பலவற்றில் நீண்ட காலமாகக் கையாண்டு வருகிறது. அதில் சத்தம் குறையும். ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு, அந்த அறையைச் சூடாக்கும் குளோ பிளக் முதலில் சூடேற வேண்டும்.

இப்போது அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு டிராக்டர் பற்றிப் பேசும் இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. அங்கே சிறிய டிராக்டர்கள் பலவற்றின் குதிரைத்திறன் 25-க்குச் சற்றுக் கீழே வந்து நிற்பதற்குப் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு முக்கியக் காரணம். 19 கிலோவாட், அதாவது சுமார் 25 எச்.பி.க்குக் கீழுள்ள டீசல் எஞ்சின்களுக்கு அங்கு கரித்துகள் வரம்பு தளர்வாக இருப்பதால், அந்த எல்லைக்குள் வண்டியின் திறனை வைத்துக்கொண்டால் விலை கூடிய வடிகட்டி இல்லாமலேயே விற்க முடிகிறது. குபோட்டா எல்2501 என்ற வண்டியில் 1,647 சி.சி. எஞ்சின் 2,200 சுற்றில் 24.8 எச்.பி. தருகிறது, அதே நிறுவனத்தின் பிஎக்ஸ்2380-இல் 898 சி.சி. எஞ்சின் 3,200 சுற்றில் 21.6 எச்.பி. தருகிறது. எண்ணில் வேறுபாடு மூன்றுக்குச் சற்று அதிகம்தான். ஆனால் எஞ்சின் கொள்ளளவிலும் வேலை செய்யும் விதத்திலும் இவை இரண்டும் வெவ்வேறு வகை வண்டிகள்.

அந்த எல்2501 இன்னொரு வகையிலும் நமக்குப் பாடமாக அமைகிறது. அது சாதாரண கியர்பெட்டியோடும் வெளிவந்தது, ஹைட்ரோஸ்டாட்டிக் டிரான்ஸ்மிஷனோடும் வெளிவந்தது. ஹைட்ரோஸ்டாட்டிக் முறையில் எஞ்சின் ஒரு பிஸ்டன் பம்பைச் சுழற்றுகிறது. பம்பு அழுத்திய எண்ணெய் ஒரு மோட்டாரைச் சுழற்றி, அதன் வழியே சக்கரம் உருள்கிறது. ஓட்டுநர் காலால் மிதியை அழுத்தும்போது பம்புக்குள் இருக்கும் சாய்தட்டின் கோணம் மாறி, எண்ணெயின் அளவு கூடுகிறது அல்லது குறைகிறது. மிதியை மறுபக்கம் அழுத்தினால் எண்ணெய் எதிர்த்திசையில் ஓடி வண்டி பின்னால் போகிறது. கிளட்சை மிதித்து கியர் மாற்றும் வேலை ஓட்டத்தின் இடையில் இல்லை. இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1967-லேயே 656 ஹைட்ரோ என்ற பண்ணை டிராக்டரை இந்த முறையில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இந்த வசதிக்குக் கொடுக்கும் விலையும் அதே எல்2501-இன் விவரக் குறிப்பிலேயே இருக்கிறது. கியர் வண்டியில் பி.டி.ஓ. தண்டுக்கு 20.5 எச்.பி. கிடைக்கிறது, ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டியில் 19 எச்.பி.தான் கிடைக்கிறது. ஒரே எஞ்சினில், பம்பைச் சுழற்றுவதற்காகவே சுமார் 7 சதவீதத் திறன் போய்விடுகிறது. கலப்பையை இழுக்கும்போது எண்ணெய் வழியாகப் போகும் விசையில் மேலும் ஒரு பகுதி வெப்பமாக மாறி வீணாகிறது. இந்த வண்டி இந்தியாவில் விற்கப்படுவதில்லை என்றாலும் இந்தக் கணக்கு நமக்கும் பொருந்தும். மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில் டிராக்டர் மானியம் 8 முதல் 20 பி.டி.ஓ. எச்.பி. வரை ஒரு பிரிவாகவும், 20-க்கு மேல் 40 வரை அடுத்த பிரிவாகவும் வகுக்கப்பட்டுள்ளது. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், ஒரே பெயரும் ஒரே எஞ்சினும் கொண்ட ஒரு வண்டி டிரான்ஸ்மிஷன் மாறியதாலேயே வேறு பிரிவுக்குப் போய்விடும். அரசே பி.டி.ஓ. திறனை வைத்துப் பிரிக்கும்போது, விளம்பரங்களும் பத்திரிகைகளும் எஞ்சின் திறனை மட்டும் பெரிய எழுத்தில் போடுவதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

திறன் குறைகிறது என்பதற்காக ஹைட்ரோஸ்டாட்டிக் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. வாழைத் தோட்டத்தில் ரொட்டேவேட்டர் ஓட்டுபவரைக் கவனித்தால் இதன் பயன் புரியும். களை அடர்ந்த இடத்தில் வண்டி மெதுவாகப் போக வேண்டும். ஆனால் ரொட்டேவேட்டரின் சுழற்சி குறையக் கூடாது. கியர் வண்டியில் அவர் நின்று கியரை மாற்ற வேண்டும், அல்லது கிளட்சைப் பாதி மிதித்தபடியே ஓட்டி அதைத் தேய்த்துத் தீர்க்க வேண்டும். ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டியில் எஞ்சின் சுற்றையும் பி.டி.ஓ.வின் 540 சுற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு, மிதியைத் தளர்த்துவதால் மட்டும் நடையைக் குறைக்கலாம். தென்னை மரத்தைச் சுற்றி முன்னும் பின்னுமாகப் பல முறை நகர்த்துவது, முன்புற லோடரால் எருக் குவியலை அள்ளிப் போடுவது, சரிவில் மருந்து தெளிப்பது ஆகிய வேலைகளிலும் இதன் பலன் பெரிது. டிராக்டர் ஓட்டத் தெரிந்த ஆள் கிடைப்பது அரிதாகிவரும் இக்காலத்தில், வீட்டுப் பெண்களும் முதியவர்களும் குறுகிய பயிற்சியிலேயே பாதுகாப்பாகக் கையாளக்கூடிய வண்டி என்பதை நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன்.

மறுபக்கத்தையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கரும்பு ஏற்றிய டிரெய்லரை ஆலை வரை இழுப்பவருக்கும், சட்டிக் கலப்பையால் மணிக்கணக்கில் ஆழ உழுபவருக்கும் கியர்பெட்டிதான் சரி. அவர்களிடம் ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டியை விற்பது அவர்களுடைய டீசலை வீணாக்குவதாகும். எண்ணெயில் தூசியோ தண்ணீரோ கலந்தால் பம்பின் நுண்ணிய பரப்புகள் கீறிவிடும். ஆகவே குறித்த எண்ணெயை மட்டுமே ஊற்ற வேண்டும். வடிகட்டியைக் குறித்த நேரத்தில், பல வண்டிகளில் முதல் 50 மணி நேர ஓட்டத்திலேயே, மாற்ற வேண்டும். பேட்டரி இறங்கிவிட்டால் கியரில் போட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்யும் நம் வழக்கம் இதில் நடக்காது. நம் சித்திரை வெயிலில் எண்ணெய்க் குளிர்விப்பான் எந்த அளவு தாங்கும் என்பதையும் வாங்குவதற்கு முன் கேட்டே ஆக வேண்டும்.

"இதையெல்லாம் பழுதுபார்க்க நம் ஊரில் யார் இருக்கிறார்கள்?" என்ற கேள்வி உடனே எழும். டெல்டாவில் குறுவை, சம்பா அறுவடைக்கு வரும் பெல்ட் வகை நெல் அறுவடை இயந்திரங்களில் பலவும், குபோட்டா டிசி-68ஜி உட்பட, ஹைட்ரோஸ்டாட்டிக் முறையில்தான் வயலில் நகர்கின்றன. சேற்றிலும் வெயிலிலும் அந்த இயந்திரங்களை ஓட்டுகிறவர்களும், அவற்றின் எண்ணெய்க்கும் வடிகட்டிக்கும் பொறுப்பேற்கும் மெக்கானிக்குகளும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறார்கள். எனவே இந்தத் தொழில்நுட்பம் தமிழ்நாட்டு வயலுக்கு அந்நியமானது என்ற வாதத்தை நான் ஏற்க மாட்டேன். மினி டிராக்டரில் அது தேர்வாகக்கூடக் கிடைப்பது அரிதாக இருக்கிறது என்பதே என் வருத்தம்.

இடைப்பட்ட ஒரு வழியும் வந்திருக்கிறது. 2023 ஆகஸ்ட் 15 அன்று கேப் டவுன் நகரில் மஹிந்திரா அறிமுகப்படுத்திய ஓஜா வரிசை, ஜப்பானின் மிட்சுபிஷி மஹிந்திரா நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கப்பட்டது. இங்கு விற்கப்படும் ஓஜா வண்டிகளில் முன்னோக்கிப் பன்னிரண்டு, பின்னோக்கிப் பன்னிரண்டு என்று கியர்களும், திசையை மட்டும் மாற்றும் தனி ஷட்டில் லீவரும் உள்ளன. ஹைட்ரோஸ்டாட்டிக்கின் நெகிழ்வு இதில் இல்லை. ஆயினும் திறன் இழப்பு குறைவு, திரும்பும் வேலையும் எளிது. ஒப்பீட்டு அட்டவணையில் இதற்கென ஒரு வரிசை இருந்தால்தான் பழைய வகைக் கியர்பெட்டியோடு இதை வேறுபடுத்திப் பார்க்க முடியும்.

மத்தியப் பிரதேச மாநிலம் புத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, பரிசோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை வெளியிடுகிறது. பி.டி.ஓ. திறனும், இழுவைத் திறனும், டீசல் செலவும் அதில் அளந்து தரப்படுகின்றன. உயர் வெப்பச் சூழலிலும் பி.டி.ஓ. சோதனை நடத்தப்படுகிறது. நம் விவசாயிக்கு அந்த அறிக்கை எட்டுவதில்லை, எட்டினாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. மாநில வேளாண்மைப் பொறியியல் துறை, மானியப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு மினி டிராக்டருக்கும் அந்த அறிக்கையின் முக்கிய எண்களைத் தமிழில் ஒரே பக்கத்தில் தொகுத்து உழவன் செயலியில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தங்கள் நாளிதழும் இனி வெளியிடும் ஒப்பீடுகளில் பி.டி.ஓ. எச்.பி., அது கிடைக்கும் எஞ்சின் சுற்று, டிரான்ஸ்மிஷன் வகை ஆகிய மூன்றையும் விலைக்கு முன்பாகச் சேர்க்குமாறு அன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாழை, தென்னை விவசாயி ஒருவர்,
கோபிசெட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம்.