முன்பாரம் பார்த்து ஏற்று, மாப்ளே

அன்புள்ள மாப்ளே,

ஏழு மாசமாக உனக்கு ஒழுங்காக நாலு வரி எழுதவில்லை. நீ அனுப்புவதற்கெல்லாம் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். அது தப்புதான், மன்னித்துக்கொள். நேற்று ராத்திரி நீ அனுப்பிய அந்த 26 அடி டிரெய்லர் (டிரக்குக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போய், உள்ளேயே தங்கிக்கொள்கிறது) போட்டோவைப் பார்த்தபிறகு தூக்கம் வரவில்லை. இதைப் போனில் சொன்னால் நீ பாதியில் சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இங்கே எல்லாரும் நலம். பெரியவள் வயலினை மூட்டை கட்டிவிட்டு நீச்சலுக்குப் போகிறாள். சின்னவனுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. நம் ஹாஸ்டல் 'தாசில்தார்' போன மாசம் டென்வர் வந்து இரண்டு நாள் தங்கினான். அதே சிரிப்பு, அதே இரண்டாவது தட்டுச் சோறு. மெஸ் அண்ணாச்சி பேச்சு வந்ததும் உன்னைத்தான் நினைத்துக்கொண்டோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "என் டொயோட்டா டகோமா டிரக் 6,400 பவுண்டு இழுக்கும், டிரெய்லர் காலியாக 5,100 தான், கடைக்காரரே தாராளமாகப் போகலாம் என்று சொல்லிவிட்டார், சனிக்கிழமை அட்வான்ஸ்" என்று எழுதியிருக்கிறாய். ஜூனில் அம்மா வருகிறார்கள், டாலஸிலிருந்து கொலராடோ மலை வரைக்கும் கூட்டிவரப் போகிறாய், அவர்களுக்கு பாத்ரூம் உள்ளேயே இருக்க வேண்டும். எல்லாம் நியாயம்தான். ஆனால் அந்த அட்வான்ஸைக் கொடுக்காதே, மாப்ளே. இந்தக் கடிதத்தை முழுசாகப் படித்துவிட்டு முடிவு செய்.

போன அக்டோபரில் என்ன நடந்தது என்று உன்னிடம் நான் சொல்லவே இல்லை. யாரிடமும் சொல்லவில்லை.

கொலராடோவின் பெரிய மணல்மேடுகள் இருக்கிற கிரேட் சாண்ட் டியூன்ஸுக்குப் போயிருந்தோம். என் டிரெய்லர் 21 அடி. என் டிரக்கும் உன் டிரக் மாதிரியேதான், 3.5 லிட்டர் வி6, இழுவைப் பேக்கேஜ் எல்லாம் உண்டு. போகும்போதே டிரக்கின் பின்பக்கம் தழைந்து, மூக்கு வானத்தைப் பார்த்தது. எதிரே வந்தவர்கள் எல்லாம் என் ஹெட்லைட் கண்ணைக் கூசுகிறது என்று லைட்டை அடித்து அடித்துக் காட்டினார்கள். ஸ்டீயரிங் பிடித்தால் முன் சக்கரம் ரோட்டில் பாவுகிற உணர்வே இல்லை. சரி, டிரக்கில் பாரம் அதிகம் என்று நினைத்தேன். திரும்பும்போது டிரக்கின் பின் தொட்டியில் இருந்த ஜெனரேட்டர், தண்ணீர் கேன்கள், பெரிய கூலர் எல்லாவற்றையும் டிரெய்லருக்குள் கடைசியில் வைத்தேன். நாலு சைக்கிளையும் டிரெய்லரின் பின் பம்பரில் மாட்டினேன். கழிவுத்தண்ணீர்த் தொட்டி வேறு அச்சுக்குப் பின்னால், அதுவும் நிறைந்திருந்தது. டிரக் மட்டமாக நின்றது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

லா வேட்டா கணவாயை, 9,413 அடி, மெதுவாக ஏறி இறங்கினோம். ஒன்றும் தெரியவில்லை. வால்சன்பர்க்கில் ஐ-25 நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே ஒரு பத்து மைல் போயிருப்போம். அங்கே மேற்கே மலையிலிருந்து இறங்கும் காற்று ரோட்டைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகும். நான் மணிக்கு 68 மைலில் போய்க்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு பெரிய லாரி என்னைத் தாண்டியது. முதலில் வலது பக்கம் தள்ளியது, அப்புறம் தன் பக்கம் உறிஞ்சியது. அவ்வளவுதான். இடது கண்ணாடியில் டிரெய்லரின் ஜன்னல் திரை தெரிந்தது. அந்தத் திரை அந்தக் கண்ணாடியில் தெரியவே கூடாது. அடுத்த நொடி அதே திரை வலது கண்ணாடியில். அப்புறம் இடது. ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் அகலமாக. பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இப்படியும் அப்படியும் உலுக்குகிற மாதிரி டிரக்கின் பின்பக்கம் ஆடியது. என் வீட்டுக்காரி ஒரு சத்தமும் போடவில்லை. ஒரு கையைப் பின்னால் நீட்டிச் சின்னவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

கால் பிரேக்குக்குத்தான் போனது. பிரேக்கை மிதித்திருந்தால் பின்னால் இருக்கிற 5,000 பவுண்டு முன்னால் இருக்கிறதை மடக்கியிருக்கும். என் முழங்காலுக்குப் பக்கத்தில் டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலர் இருக்கிறது, சின்னப் பெட்டி, அதில் விரல் நீளத்துக்கு ஒரு நெம்புகோல். அதைத் தள்ளினால் டிரக்கின் பிரேக் பிடிக்காது, டிரெய்லரின் பிரேக் மட்டும் பிடிக்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராக வைத்துக்கொண்டு, இரண்டு விரலால் அதைத் தள்ளினேன். டிரெய்லர் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தது. ஒரு ஆட்டம், இன்னொரு சின்ன ஆட்டம், அப்புறம் நேர். மொத்தம் ஆறு, ஏழு நொடி இருக்கும். ஓரத்தில் நிறுத்திவிட்டு இறங்கினேன். கை நடுங்கியதில் கதவுப் பிடியைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை.

அந்த ஓரத்தில் நிற்கும்போதுதான் அம்பாசமுத்திரம் ஞாபகம் வந்தது. அறுப்பு லீவில் உன் தாத்தா வண்டியில் நாம் வைக்கோல் ஏற்றினோமே. சோம்பேறித்தனத்தில் எல்லா வைக்கோல் கட்டுகளையும் பின்னால் தூக்கிப் போட்டோம். வண்டி மூக்கைத் தூக்கி, நுகத்தடி மேலே போய், மயிலைக் காளையின் கழுத்துக்கயிறு தொண்டையை இறுக்கிவிட்டது. தாத்தா ஓடிவந்து நுகத்தடியைத் தொங்கிப் பிடித்துக்கொண்டு, "முன்பாரம் பார்த்து ஏத்துங்கலே, பின்பாரம் ஆளைக் கொன்னுரும்" என்று கத்தினார். அதே விஷயம்தான், மாப்ளே. அச்சு, அதற்கு முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் பந்தின் (டிரெய்லரை டிரக்கோடு மாட்டுகிற உருண்டை) மேல் அழுத்த வேண்டும். அதற்குக் குறைந்தால் வால் ஆடும். நம் தாத்தா சதவீதம் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

வீட்டுக்கு வந்த வாரமே டிரக் ஸ்டாப்பில் லாரிகளை எடை போடுகிற கேட் ஸ்கேலுக்குப் போனேன். பதினைந்து டாலர் பக்கம் ஆகும். முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு மூன்றையும் தனித்தனியாக எடை போட்டுச் சீட்டுத் தருவார்கள். திரும்பும்போது ஏற்றின மாதிரியே எல்லாவற்றையும் ஏற்றி, கேன்களில் தண்ணீர் நிரப்பி, சைக்கிளையும் மாட்டி எடை போட்டேன். டிரெய்லர் 5,200 பவுண்டு. பந்தின் மேல் வெறும் 340. ஆறரை சதவீதம். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வண்டிக்குள் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் போகும்போது ஏற்றின மாதிரி ஏற்றினேன். பந்தின் மேல் 590, டிரெய்லர் 4,900. 12 சதவீதம், அது சரிதான். ஆனால் அங்கேதான் இரண்டாவது விஷயம் தெரிந்தது. உனக்கு இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

டிரைவர் கதவைத் திற. தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். டயர் காற்றழுத்தத்துக்கு மேலே, ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரி. என் டிரக்கில் 1,075. டிரெய்லர் பந்தின் மேல் அழுத்துகிற எடையும் இந்தக் கணக்கில்தான் வரும். நாங்கள் நாலு பேரும் 475. தொட்டியில் சாமான் 300. எடையைப் பிரித்துவிடும் ஹிட்ச் கம்பிகள் 80. பந்தின் மேல் 590. கூட்டினால் 1,445. இழுவைக் கணக்கில் 1,500 பவுண்டு மிச்சம் இருந்தது, சுமக்கிற கணக்கில் 370 தாண்டியிருந்தேன். எருது இழுத்துவிடும், முதுகில் ஏற்றினால் படுத்துவிடும் என்கிற மாதிரி. அந்த ஹிட்ச் கம்பிகள் பாரத்தை முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் கொஞ்சம் தள்ளிவிடும், டிரக் மட்டமாக நிற்கும். ஆனால் ஸ்டிக்கரில் இருக்கிற எண்ணை அது ஒரு பவுண்டுகூட ஏற்றாது.

இப்போது உன் கணக்கு. நீ, தங்கச்சி, அம்மா, பிள்ளைகள் இரண்டு பேர், 650 என்று வை. 5,100 என்பது காலி டிரெய்லர். 30 காலன் தண்ணீர் மட்டுமே 250 பவுண்டு. கேஸ் சிலிண்டர், பாட்டரி, துணிமணி, அரிசி, அம்மா இல்லாமல் கிளம்பமாட்டேன் என்கிற இட்லிப் பானை எல்லாம் சேர்ந்து 6,000 ஆகிவிடும். அதில் 12 சதவீதம் 720. ஹிட்ச் 80. மொத்தம் 1,450. உன் ஸ்டிக்கர் 1,100க்குப் பக்கத்தில்தான் இருக்கும். டிரக்கின் தொட்டியில் ஒரு செருப்பு ஜோடிகூட வைக்காமலேயே இந்தக் கதி.

அந்த 6,400 எப்படி வந்தது தெரியுமா? இழுவையைச் சோதிக்க ஜே2807 என்று ஒரு பொதுத் தரம் இருக்கிறது, 2011 மாடல்களிலிருந்து டொயோட்டாதான் முதலில் அதை எடுத்துக்கொண்டது. அரிசோனாவில் டேவிஸ் டேம் ஏற்றம், 11.4 மைல், ஏசியை முழுசாகப் போட்டுக்கொண்டு மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏற வேண்டும். நல்ல சோதனைதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் வண்டிக்குள் இரண்டு பேர், ஆளுக்கு 150 பவுண்டு. ஐந்து பேரும் இட்லிப் பானையும் அந்தக் கணக்கில் கிடையாது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லியிருக்கிறார்.

ஃபோர்டு ரேஞ்சர் டிரக் 7,500, செவ்ரோலே கொலராடோ டிரக் 7,700 என்று பேப்பரில் போட்டிருப்பதைப் பார்த்து அதற்கு மாறலாமா என்று கேட்டிருந்தாய். டர்போ என்பதால் மலையில் அவை நல்லவைதான். நம் வி6க்கு டர்போ இல்லை, ஆயிரம் அடிக்கு மூன்று சதவீதம் என்று மூச்சு குறைந்துகொண்டே போகும். ஐ-70 நெடுஞ்சாலையில் இருக்கிற ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேல், அங்கே மூன்றில் ஒரு பங்கு சக்தி போய்விடும். ஆனாலும் அந்த டிரக்குகளின் கதவைத் திறந்தும் அதே ஸ்டிக்கரைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

ஏற்றத்துக்குக்கூட நான் பயப்படவில்லை. இறக்கம்தான். ஐ-70இல் டென்வருக்கு இறங்கும்போது, சமவெளி கண்ணில் பட்டு, மலை முடிந்தது என்று தோன்றுகிற இடத்தில் ஒரு போர்டு இருக்கும்: லாரிக்காரர்களே, ஏமாறாதீர்கள், இன்னும் நாலு மைல் செங்குத்தும் வளைவும் இருக்கிறது என்று. அந்த இடத்தில் பின் சீட்டில் அம்மா உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். ஹாஸ்டலில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது மூன்று வாரம் உங்கள் வீட்டுத் திண்ணையில் படுக்க வைத்து, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பிழைக்க வைத்தவர்கள். நான் எப்படிடா பேசாமல் இருக்க முடியும்?

21 அடியை மார்ச்சில் விற்றுவிட்டேன். பழைய ஸ்கேம்ப் டிரெய்லர் ஒன்று வாங்கியிருக்கிறேன், 16 அடி. மினசோட்டாவில் பேக்கஸ் என்கிற சின்ன ஊரில் செய்வது. ஃபைபர் கிளாஸில் மேல் பாதி, கீழ் பாதி என்று வார்த்து ஒட்டியிருப்பார்கள், முட்டை மாதிரி இருக்கும், காற்று வழுக்கிக்கொண்டு போகும். சாமானோடு 2,900, பந்தின் மேல் 320. நாலு பேர் படுக்கலாம், குட்டி பாத்ரூமும் உண்டு. ராத்திரி மழை பெய்தால் சட்டி கவிழ்த்துத் தட்டுகிற சத்தம் கேட்கும், சின்னவனுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

உனக்கு நான் சொல்வது இதுதான். டிரெய்லர் வாங்காமலே வா. அம்மாவும் தங்கச்சியும் பிள்ளைகளும் டிரக்கில் சொகுசாக வரட்டும். அமரில்லோ, டால்ஹார்ட், கிளேட்டன், ராட்டன் வழியாக வா. ராட்டன் கணவாய் 7,834 அடி, வெறும் டிரக்குக்கு அது ஒன்றுமே இல்லை. வால்சன்பர்க்கில் நான் ஸ்கேம்ப்போடு காத்திருக்கிறேன். அதை அம்மாவுக்கும் பெண்களுக்கும் கொடுத்துவிட்டு, நாம் இரண்டு பேரும் பையன்களோடு கூடாரத்தில் படுப்போம். ஜூன் முதல் வாரத்துக்குள் வந்துவிட்டால் மணல்மேட்டின் அடியில் மெடானோ ஓடை ஓடும், கணுக்கால் அளவு தண்ணீர். தாமிரபரணி மாதிரி இருக்காது. ஆனாலும் அம்மா காலை நனைத்துக்கொண்டு உட்காரலாம்.

கண்டிப்பாக வாங்கத்தான் வேண்டும் என்றால், சனிக்கிழமைக்குள் மூன்று போட்டோ அனுப்பு: உன் கதவு ஸ்டிக்கர், ஹிட்ச்சில் ஒட்டியிருக்கும் எடை லேபிள், அந்த டிரெய்லரின் இடது பக்கம் முன்னால் இருக்கிற ஸ்டிக்கர். டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், எந்த வாரம், எந்த வருஷம் செய்தது என்று. அதையும் சேர்த்து எடு. நான் கணக்குப் போட்டு அன்றைக்கே கூப்பிடுகிறேன்.

அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல். கிளம்பும்போது புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் பெட்டியில் வைக்கச் சொல், எனக்குத் தனியாக.

உன்,
திண்ணைக்காரன்