அந்த எலும்புக்கூடு சும்மா அழகுக்கு இல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல சிகானோ (அமெரிக்காவுல இருக்குற மெக்சிகோ வம்சாவளிக்காரங்க) போஸ்டர்கள் பத்தின கட்டுரை படிச்சேன். படமெல்லாம் அருமையா அச்சாகியிருந்துச்சு, ஆனா எஸ்தர் ஹெர்னாண்டஸோட ‘சன் மேட்’ படத்துக்குக் கீழ மெக்சிகோ எலும்புக்கூடு மரபுன்னு ஒரே வரியில முடிச்சுட்டீங்க, அதான் மனசு கேக்காம எழுதுறேன்.

அவங்க கலிஃபோர்னியாவுல டினுபாங்கிற ஊர்ல, தோட்ட வேலை செஞ்ச குடும்பத்துல பொறந்தவங்க சார். பெரியவங்களானப்புறம்தான் ஊர்த் தண்ணியில பூச்சிமருந்து கலந்திருக்குன்னு தெரியவருது, சின்னப் புள்ளையில இருந்து குடிச்சது குளிச்சது எல்லாம் அந்தத் தண்ணிதான், வயிறு எரியாம இருக்குமா? சன் மெய்ட் கிஸ்மிஸ் டப்பால செவப்புத் தொப்பி போட்டுக்கிட்டு திராட்சைத் தட்டோட ஒரு பொண்ணு சிரிக்கும்ல, அவளையே 1982ல எலும்புக்கூடா மாத்திட்டாங்க. அதே தொப்பி, அதே தட்டு, பின்னாடி அதே மஞ்சச் சூரியன், தொப்பிக்குள்ள முகம் இருந்த எடத்துல மண்டையோடு. ‘மெய்ட்’னா (Maid) பொண்ணு, அதுல ஒரு எழுத்த எடுத்தா ‘மேட்’ (Mad), அதாவது கோவம், பைத்தியம். கீழ பூச்சிக்கொல்லி, சிலந்திப்பேன்கொல்லி, களைக்கொல்லி, பூஞ்சைக்கொல்லி போட்டு இயற்கைக்கு மாறா வெளஞ்சதுன்னு எழுத்து. இந்த வரியத்தான் நீங்க விட்டுட்டீங்க!

நான் பதினெட்டு வருஷமா ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை வச்சிருக்கேன். ஒரு கலருக்கு ஒரு ஸ்கிரீன், மைய ஊத்தி ஸ்குவீஜிங்கிற ரப்பர் பட்டையால ஒரு இழுப்பு, அவ்ளோதான், பெரிய மெஷினும் வேணாம் மொதலாளியும் வேணாம், ராத்திரி உக்காந்தா விடியறதுக்குள்ள நூறு போஸ்டர் காயப்போட்டுடலாம். எஸ்தர் மாதிரி சிகானோ கலைஞருங்க ஸ்கிரீன் பிரிண்டிங்கக் கையில எடுத்ததுக்கு முக்கியக் காரணமே இதுதான்னு எனக்குத் தோணுது. 1965ல கலிஃபோர்னியாவுல டெலானோங்கிற ஊர்ல திராட்சைத் தோட்டத்துல வேலை செஞ்ச பிலிப்பைன்ஸ்காரங்க மொதல்ல வேலைய நிறுத்துனாங்க, தோட்டத் தொழிலாளர் சங்கம் நடத்துன சேசர் சாவேஸ், டோலோரஸ் வெர்டா ஆளுங்க சேந்துக்கிட்டாங்க, அஞ்சு வருஷம் நடந்துச்சு. திராட்சை வாங்காதீங்கன்னு எங்கயோ இருக்குற ஊர்க்காரங்களுக்குச் சொல்லணும், டிவியா இருந்துச்சு அவங்க கையில? சாக்ரமென்டோவுல ஓவியருங்க ஹோசே மொன்டோயா, எஸ்தெபான் வில்லா கூட்டமெல்லாம் அப்புறம் இந்தச் சங்கத்துக்காக போஸ்டர் போட்டுத் தள்ளுனாங்க, செவரு, கம்பம், ஊர்வலம்னு போன காகிதம் சார் அது.

இப்ப மியூசியத்துல கண்ணாடிக்குள்ள இருக்கு, சந்தோஷம்தான். அடுத்த இதழ்ல அந்தப் படத்த இன்னொரு தடவ போடுங்க, கீழ இருக்குற எழுத்த தமிழ்ல போட்டு, டினுபா தண்ணி கதையையும் சேத்துப் போடுங்க.

இப்படிக்கு,
ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்