மெடிக்கல் கடைக்காரர்களுக்கு: கைக்குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை வேண்டாமுங்க

பல்லடம், சோமனூர், அவினாசி, காங்கேயம் பக்கம் மெடிக்கல் கடை நடத்துகிற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கமுங்க.

நான் அரசு மருத்துவமனை ஒன்றில் குழந்தைகள் வார்டில் செவிலியர். பெற்றோருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. தறியில் ராத்திரி ஷிப்டு ஓட்டுகிற அப்பாவும், பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற அம்மாவும், குழந்தைக்கு வயிறு கெட்டால் முதலில் வந்து நிற்பது உங்கள் கடையில்தான். டாக்டரிடம் போனால் அரைநாள் கூலி போய்விடும். உங்கள் கடை தெருமுனையில் இருக்கிறது, உங்களை அவர்களுக்குப் பழக்கம். "ஏனுங்ண்ணா, பையனுக்கு ரெண்டு நாளா வவுத்தால போகுதுங்க, நிக்கறதுக்கு ஒரு மாத்திரை குடுங்க" என்கிறார்கள். பல நேரம் குழந்தை வீட்டில் இருக்கிறது, மாத்திரை மட்டும் கைமாறுகிறது.

போன கோடையில் ஒன்றரை வயதுப் பையன் ஒருவனைத் தூக்கி வந்தார்கள். அழுதான், கண்ணில் நீர் இல்லை. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நின்றது. வயிறு மட்டும் தம்மென்று உப்பியிருந்தது. அம்மா மஞ்சப்பையிலிருந்து எடுத்து வைத்தது வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபரமைடு மாத்திரை அட்டை ஒன்று, ஆப்பிள் படம் போட்ட இனிப்பு பானத்தின் காலி டப்பா ஒன்று. "வவுத்தால போறது நின்னுருச்சுங்க்கா, அப்புறம் ஏன் இப்படிக் கெடக்கறான்?" என்று கேட்டார். ஊசி ஏற்ற நரம்பு கிடைக்கவே வெகுநேரம் ஆனது. பையன் பிழைத்துக்கொண்டான்.

அந்தம்மாவின் கேள்விக்குப் பதில் உங்களுக்குத் தெரியும். லோபரமைடு குடலின் அசைவைத்தான் மந்தமாக்குகிறது. நோய் அப்படியே இருக்கும், நீர் வெளியே வராமல் குடலுக்குள் தேங்கும். சின்னக் குழந்தைக்கு வயிறு உப்பி, அரைமயக்கம்கூட வரும். இரண்டு வயதுக்குள் கொடுக்கவே கூடாத மருந்து அது. ஆஃப்லாக்சசின், ஆர்னிடசோல் என்ற கிருமிக்கொல்லி (ஆன்டிபயாடிக்) மருந்துகள் சேர்ந்த சிரப்பையும் டாக்டர் சீட்டு இல்லாமல் தராதீர்கள். குழந்தைகளுக்குத் தண்ணியாகப் போவது பெரும்பாலும் வைரஸால். ஆன்டிபயாடிக் அதைத் தொடாது.

கொடுக்க வேண்டியது விலை குறைந்த ஓ.ஆர்.எஸ். என்கிற உப்புச் சர்க்கரைப் பொடிதான். அதைக் கொடுக்கும்போது ஒரு நிமிடம் பேசுங்கள். பெரிய பாக்கெட் என்றால் முழுப் பொடியையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். ஒரு டம்ளருக்கு ஒரு ஸ்பூன் என்று குத்துமதிப்பாகப் போட்டால் உப்பு கூடியோ குறைந்தோ போய்விடும், கூடினால் கெடுதல் செய்யும். அத்திக்கடவுத் தண்ணி வந்த அன்று டிரம்மில் பிடித்து வைத்ததுதான் பல வீடுகளில் குடிநீர். அதைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுக் கலக்கச் சொல்லுங்கள். 24 மணி நேரம் கழித்து மீதியைக் கொட்டிவிட வேண்டும். இரண்டு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாக. தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்தவே வேண்டாம். கூடவே துத்தநாக மாத்திரை: ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், 14 நாள். வயிற்றுப்போக்கு நின்றாலும் முழுசாகக் கொடுக்க வேண்டும். காசு இல்லையென்று தயங்கினால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டும் இலவசம் என்று சொல்லி அனுப்புங்கள்.

ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் விற்ற அந்த இனிப்பு பான டப்பாக்கள் இனி வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரையே போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டுவிட்டது. அவற்றில் இருக்கும் சர்க்கரை குடலுக்குள் இன்னும் நீரை இழுத்துப் பேதியைக் கூட்டும்.

தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று தொக்கம் எடுக்கப் போவதாகச் சிலர் சொல்வார்கள். பாட்டிமார் மீது எனக்குக் கோபம் இல்லை, அவர்களும் பிள்ளை நல்லாயிருக்கத்தான் ஓடுகிறார்கள். ஆனால் தொண்டையில் எதுவும் சிக்கியிருப்பதில்லை, அதற்கு அலைகிற அரைநாளில் குழந்தை வாடிவிடுகிறது.

நாலு நாளாக வெளிக்குப் போகவில்லை என்று பேதி மருந்து கேட்டு வருகிறவர்களும் உண்டு. ஒரு வயது தாண்டிய குழந்தை என்றால் பாட்டில் பால் எவ்வளவு என்று கேளுங்கள், நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் என்றால் பெரும்பாலும் காரணம் அதுதான். பாலைக் குறைத்து கீரை, கொய்யா, தண்ணீர் கொடுக்கச் சொல்லுங்கள். சரியாகவில்லை என்றால் டாக்டரிடம்தான் போக வேண்டும், பேதி மருந்து தராதீர்கள்.

எந்தக் குழந்தையை உடனே அனுப்புவது? ஆறு மாதத்துக்குள் இருக்கிற குழந்தை என்றால் யோசிக்கவே வேண்டாம். குடித்ததெல்லாம் வாந்தி, மலத்தில் ரத்தம், விடாத காய்ச்சல், உப்பிய வயிறு, எழுப்பினாலும் எழாத தூக்கம், இதில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரிதான். பச்சையாக வாந்தி எடுத்தாலோ, காலை மடக்கி வீறிட்டு அழுது கொஞ்சம் ஓய்ந்து மறுபடியும் அழுதாலோ குடல் அடைபட்டிருக்கலாம். அது அறுவை சிகிச்சை வரை போகக்கூடியது, 108-ஐ நீங்களே கூப்பிட்டுவிடுங்கள்.

மாத்திரை அலமாரிப் பக்கம் திரும்பும் முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "கடைசியா எப்பங்க ஒண்ணுக்குப் போச்சு?" ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால், ஓ.ஆர்.எஸ்.ஸை வழியிலேயே ஊட்டிக்கொண்டு போகச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
குழந்தைகள் வார்டு செவிலியர் ஒருத்தி