பாக்ஸையும் பார்க்கச் சொல்

சிந்துபூந்துறை,
திருநெல்வேலி.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியை அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். தாயும் பிள்ளையும் சுகம் என்பதில் எங்களுக்கெல்லாம் நிம்மதி. இங்கே ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, ஐப்பசியில் மழை வலுத்தாலே சாமான்களைப் பரண்மேல் ஏற்றிவிடுகிறேன். பேட்டை ஐடிஐ முடித்த வருஷம் நாம் இரண்டு பேரும் காசு போட்டு வாங்கிய, நூலளவு ஆட்டத்தையும் அளந்து காட்டும் டயல் கேஜ், அன்றைக்குத் தண்ணீருக்குத் தப்பியது. இன்னும் முள் நடுங்காமல் நிற்கிறது.

சரி, உன் கார் விஷயம். இன்ஜினை அவிழ்த்து வேலை பார்த்து நாலு மாதத்தில் மறுபடியும் அடியில் சத்தம், இன்ஜினுக்குள் சுற்றுகிற கிராங்க் ஷாஃப்ட் தண்டு முன்னும் பின்னும் ஆடுகிறது, பேரிங் சரக்கு மட்டம் என்று மெக்கானிக் சொல்கிறார் என எழுதியிருக்கிறாய். கார் ஆட்டோமேட்டிக் என்று கடைசி வரியில்தான் சொல்லியிருக்கிறாய். எனக்கு அதுதான் முதல் வரி.

போன புரட்டாசியில் அம்பாசமுத்திரத்திலிருந்து இதே மாதிரி ஒரு வண்டி வந்தது. வேறு இடத்தில் கிராங்க் கிரைண்டிங் செய்து, புது பேரிங் போட்டிருந்தார்கள். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் கியர் பாக்ஸ் வேலையும் நடந்திருக்கிறது. நான் இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்பைக் கழற்றினேன். ஆயிலில் ஜரிகைத் தூள் கலந்த மாதிரி மினுமினுப்பு. ஆயில் பம்பில்தான் குறை என்று நினைத்து ஒரு பகல் முழுதும் அதிலேயே போக்கிவிட்டேன். கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங்குகளை எடுத்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது. மற்றதெல்லாம் நன்றாக இருந்தன. கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் பேரிங்கில் மட்டும், அதிலும் பாக்ஸ் பக்கத்து முகம் மட்டும் தேய்ந்து அடி உலோகம் தெரிந்தது. முன்பக்க முகம் புதுசு போல இருந்தது. ஆயில் இல்லாமல் போயிருந்தால் எல்லா பேரிங்கும் சேர்ந்து கெட்டிருக்கும். ஒரு முகம் மட்டும் போயிருந்தால், பின்னாலிருந்து ஏதோ கிராங்கை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

ஏன் த்ரஸ்ட் மட்டும் இவ்வளவு சீக்கிரம் போகிறது? மெயின் பேரிங் வளைவானது. கிராங்க் சுற்றச் சுற்ற ஆயிலை இடுக்குக்குள் இழுத்து, அதன் மேலேயே மிதக்கும். த்ரஸ்ட் முகம் தட்டையானது. அங்கே அப்படிக் கெட்டியான ஆயில் படலம் உண்டாவதில்லை, மெயின் பேரிங்கிலிருந்து ஓரமாகக் கசிந்து வருவதுதான் அதற்குச் சாப்பாடு. அவ்வப்போது வரும் தள்ளலை அது தாங்கும், ஓயாத தள்ளலைத் தாங்காது. ஐடிஐ-யில் கிளட்சை மிதித்தால் கிராங்கின் முன்முனையில் இருக்கும் புல்லி முன்னால் நகர்கிறதா என்று பார்ப்போமே, ஞாபகம் இருக்கிறதா? கிளட்சில் காலை வைத்தபடியே ஓட்டுகிறவன் வண்டியிலும் இதே முகம்தான் தேயும்.

ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச் பெடல் கிடையாது, இன்ஜின் சுழற்சியை ஆயில் மூலமாகப் பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர்தான் அந்த இடத்தில் இருக்கிறது. அதற்குள் ஆயில் அழுத்தத்தில் ஓடுகிறது, அந்த அழுத்தம் எப்போதுமே கிராங்கைக் கொஞ்சம் முன்னால் தள்ளும். அது அளவோடு இருக்கும் வரை குற்றமில்லை. அம்பாசமுத்திரத்து வண்டியில் பாக்ஸிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் கூலர் பைப்பை வளைக்கும்போது நசுக்கிவிட்டிருக்கிறார்கள். வயலில் பம்புசெட் ஓடும்போது ஓஸ் வாயை அமுக்கிப் பிடித்தால் பின்னால் ஓஸ் உப்புமே, அதே கதை. உள்ளே அழுத்தம் ஏறி, கன்வர்ட்டர் ராப்பகலாகக் கிராங்கை முட்டித் தள்ளியிருக்கிறது. பைப்பை மாற்றி, கூலரைக் கழுவி, கன்வர்ட்டரையும் புதுசாகப் போட்ட பிறகுதான் இன்ஜினை மூடினேன்.

உன் வண்டியில் பைப்தான் என்று இங்கிருந்து அடித்துச் சொல்ல மாட்டேன். பாக்ஸ் மாட்டும்போது கன்வர்ட்டர் உள்ளே முழுசாக உட்காராமல், போல்ட்டை முறுக்கியே பாக்ஸை இழுத்துச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். இது எனக்கு ஆகவே ஆகாது. பாக்ஸ் இன்ஜினோடு ஒட்டி உட்கார்ந்த பிறகும் கன்வர்ட்டர் கையால் லேசாகச் சுற்ற வேண்டும். கிராங்கின் பின்முனையில் மாட்டியிருக்கும் ஃப்ளெக்ஸ் பிளேட் தகட்டைத் தொட அதை முன்னால் இழுக்க வேண்டியிருக்க வேண்டும், பல வண்டிகளில் இந்த இடைவெளி 3 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். இடைவெளியே இல்லையென்றால் ஸ்டார்ட் செய்யாமலே கிராங்க் நெரிபடுகிறது. போட்ட போல்ட் அளவுக்கு மேல் நீளமாக இருந்து கன்வர்ட்டர் தகட்டை முட்டுகிறதா என்றும் பார்க்கச் சொல். பாக்ஸ் ஆயில் அழுத்தத்தை கேஜ் வைத்து அளக்க வேண்டும். அப்புறம் பேட்டரி எர்த் ஒயர்: அது சரியாக இல்லாவிட்டால் கரண்ட் பேரிங் வழியாகப் பாய்ந்து, அதன் முகத்தைச் சொரசொரப்பாக்கிவிடும்.

இதையெல்லாம் பார்க்காமல் இன்னொரு கிராங்குக்குப் பணம் கொடுக்காதே. நீ மில்லில் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசு அது. அதுவரை வண்டியை ஓட்டவும் வேண்டாம். த்ரஸ்ட் முழுசாகத் தேய்ந்தால் கிராங்கின் உடம்பே பிளாக்கில் உரசும், அப்புறம் பிளாக்கையும் காப்பாற்ற முடியாது.

மெக்கானிக்கிடம் மனஸ்தாபம் வேண்டாம். கழற்றிய பழைய த்ரஸ்ட்டை மட்டும் கேட்டு வாங்கி வை, எந்த முகம் தேய்ந்திருக்கிறது என்று போனில் சொல். பாக்ஸை இறக்கும் நாளை முன்கூட்டியே சொன்னால், ராத்திரி ரயிலில் ஏறி காலையில் கோயம்புத்தூர் வந்துவிடுகிறேன். டயல் கேஜைத் துணியில் சுற்றி எடுத்து வைத்துவிட்டேன். பேத்தியையும் பார்த்தது போலாகும்.

அன்புடன்,
உன் மாப்ளே